செலீன் பூசைக்குக் கொடுத்த பெயர்கள்

பேனாட்டைக் கனடாவின் மொன்றியல் தமிழ்ப் பங்கில் தெரியாதவர்கள் இல்லை. மன்னார் பேசாலையில் பிறந்தவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். முள்ளந்தண்டு விலகி, இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் அந்த மனுஷன் தேடிப் பிடித்த வேலை இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் பங்குச் சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. பழைய மொன்றியலின் கல் பதித்த தெருக்களில் உல்லாசப் பயணிகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், இந்த வீட்டில் இன்ன ஆவி உலாவுகிறது, இந்தப் படியில் இன்னார் விழுந்து செத்தார் என்று கதை சொல்லுகிற வேலை. பேனாட் அண்ணை இப்ப வெள்ளைக்காரனைப் பேய்க்காட்டிச் சீவிக்கிறார் என்று கோயில் வாசலில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கொம்பனியில் அவரை அடிக்க ஆள் இல்லை. கறுப்பு அங்கியும் கையில் ஒரு லாந்தரும் தலையில் ஒரு பழங்காலத் தொப்பியுமாக அவர் சென் போல் தெருவில் வந்து நின்றால், ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கூட நக்குவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பிரெஞ்சு ஒன்றும் இலக்கணச் சுத்தமில்லை. ஆனால் குரல் இருந்தது. பதினாறு வயதிலிருந்து தவசு காலத்தில் பேசாலைக் கோயிலில் வியாகுலப் பிரசங்கம் வாசித்த குரல் அது. மாதாவின் துயரத்தை இழுத்து இழுத்து வாசித்து, பெண்கள் பக்கத்தை முழுக்க மூக்குச் சிந்த வைத்தவர். அதே இழுவையில், அதே இறக்கத்தில், மாடிப்படியில் விழுந்து செத்த வேலைக்காரியின் கதையைப் பிரெஞ்சில் சொன்னால் கேட்கவா வேண்டும்? அவர்களுக்கு அது எந்த ஊர் ராகமென்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சந்திக்கு நடப்பார்கள்.

கொம்பனி கொடுத்த ஆவிகள் மூன்று. படியில் விழுந்த மார்கெரித், விளக்கோடு அலைகிற கன்னியாஸ்திரி அக்னேஸ், தூக்கில் போட்ட படைவீரன் எத்தியேன். இந்த மூன்று பேரையும் பேனாட் நம்பினாரா என்று கேட்டால், வேலை நேரத்தில் நம்பினார், மெற்றோவில் ஏறிய பிறகு மறந்துபோனார்.

நம்பியது அவர் மனுஷி செலீன். அவளும் டோர்வலில்தான் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற சமையலறையில். விடிய முதல் எழும்பிப் போகிறவள், போகும்போதே பஸ்சுக்குள் செபமாலை சொல்லி முடிக்கிறவள். பேனாட் இந்த வேலைக்குப் போன முதல் கோடையிலேயே அவளுக்கு மனம் சரியில்லை. வீட்டில் குசினிக் குழாய் தானாகச் சொட்டுகிறது, அலுமாரிக் கதவு பூட்டப் பூட்டத் திறக்கிறது, நீங்கள் வேலையால் தனிய வாறேல்லை, ஆரையோ கூட்டிக்கொண்டு வாறியள் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். பேனாட் குழாய்க்கு வாஷர் மாற்றினார், கதவுக்குப் பிணைச்சல் மாற்றினார். அவள் அதற்கெல்லாம் மசியவில்லை. ஒரு ஆத்துமா அலைகிறதென்றால் அதற்காக ஒருவரும் செபிக்கவில்லை என்றுதான் அர்த்தம், உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து தவிக்கிறவர்களை வைத்து நீங்கள் படம் காட்டிக்கொண்டு திரிகிறீர்கள் என்று பேசினாள். பேசியதோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறே தமிழ்ப் பூசையில் மார்கெரித்தின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று பெயர் கொடுத்துவிட்டாள்.

ஃபாதர் வாசித்தபோது சனம் ஒன்றையொன்று பார்த்தது. யாரோ செலீனுடைய வேலையிடத்து வெள்ளைக்காரி செத்துப்போனாளாக்கும் என்று நினைத்து, பூசை முடிய இரண்டு பேர் வந்து அவளுக்கு அனுதாபமும் சொன்னார்கள். செலீன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இதில் பேனாட்டுக்கு முதலில் சிரிப்புத்தான். சிரிப்பு நின்றது அந்தக் கிழமைதான். மார்கெரித்தின் படியடியில் வழக்கமாக யாராவது ஒருவர் இங்கே குளிருது என்று சொல்லித் தோளைக் குறுக்குவார். அது இல்லாமல் ஒரு நாளும் அந்த இடத்தைக் கடந்ததில்லை. அந்தப் பூசைக்குப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை. கதையைச் சொல்லி முடித்தால் தலையை ஆட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அக்னேசுக்குப் பூசை நடந்த பிறகு அக்னேசின் சந்து வெறும் சந்தாகிப்போனது. எத்தியேனும் அப்படித்தான். உம்மால் என்ர வேலை போகப்போகுது செலீன் என்று பகிடியாகச் சொன்னார். சொன்னாரே தவிர, அந்த வெறும் இடங்களில் லாந்தரை முந்திப்போலத் தூக்கிப் பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

நாலாவது ஆவி ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பேனாட் வீட்டில் மூச்சு விடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கொம்பனிக்காரி, ஒவ்வொரு வழிகாட்டியும் தன்ரபாட்டில் ஒரு கதையைக் கட்டிக்கொண்டு வரவேண்டும், கடைசி இடத்தில் அதைச் சொல்லவேண்டும் என்றாள். பேனாட்டின் கடைசி இடம் பழைய துறைமுகத்தின் மணிக்கூண்டுக் கரை. அங்கே நின்று ஆற்றைப் பார்த்தபோது அவர் வாயில் கதை தானாக வந்தது. மிசேல் என்று ஒரு பெடியன். பதினேழு வயது. கப்பலால் இறங்கியவன், பனிப்புகாருக்குள் வழி தவறிவிட்டான். கப்பல் போய்விட்டது. இருட்டில் தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போனான். தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு இன்னும் இந்தக் கரையில் நடக்கிறான், வருகிற போகிறவர்களிடம் வீட்டுக்கு எதால் போறது என்று கேட்கிறான். இவ்வளவுதான் கதை. சொல்லி முடித்தால் சனம் ஆற்றைத் திரும்பிப் பார்க்கும்.

அது கட்டுக்கதையென்றால் கட்டுக்கதைதான். ஆனால் பேனாட்டுக்கு மைக்கல் என்று ஒரு தம்பி இருந்தான், அந்தப் பெயரைப் பிரெஞ்சில் சொன்னால் மிசேல். தொண்ணூறாம் ஆண்டு, பதினேழு வயது, காலமை பேசாலை வீட்டு முற்றத்தில் தோளில் துவாயோடு பல் விளக்கிக்கொண்டு நின்றவனை, ஒரு வாகனத்தில் வந்தவர்கள் விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் வந்தது, எங்கே கொண்டுபோனது, ஒரு தகவலும் இல்லை. பேனாட் அப்போது மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். தாய் போகாத வாசல் இல்லை. கடைசியில் அந்த மனுஷி ஒரு முடிவுக்கு வந்தாள். மைக்கல் செத்தான் என்று யாரும் சொல்லக்கூடாது. வருஷா வருஷம் மிக்கேல் சம்மனசின் திருநாளுக்கு அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பாள், இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பூசை, சுகமாய்த் திரும்பி வரவேண்டுமென்று. ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. சாகிறபோது டெலிபோனில் பேனாட்டிடம் அதையே சத்தியம் வாங்கினாள். பேனாட்டும் தவறவில்லை. ஒவ்வொரு செப்டெம்பரும் மொன்றியலில் மைக்கலின் பெயர் உயிரோடிருக்கிறவர்களுடைய பெயர்களோடு வாசிக்கப்பட்டது, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும் ஒப்பரேஷனுக்குப் போகிற கிழவர்களுக்கும் நடுவில்.

இந்த வருஷம் ஒக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சுற்றுலாக் கூட்டத்தில் ஒரு அமெரிக்கப் பெண் வந்தாள். நரைத்த தலை, நல்ல நடை. அமெரிக்காவின் தெற்கில் சவானா என்ற பழைய துறைமுக நகரத்தில் அவளும் இதே தொழில்தானாம். பாசி தொங்குகிற மரங்களுக்குக் கீழே சனத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஆவிக் கதை சொல்லுகிறவள். லீவில் வந்த இடத்திலும் சும்மா இருக்கத் தெரியாமல் மற்றவன் எப்படிச் சொல்லுகிறான் என்று பார்க்க வந்திருந்தாள். மணிக்கூண்டுக் கரையில் கதை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவள் பேனாட்டிடம் வந்து கையைக் கொடுத்தாள். முதல் மூன்று இடமும் வெறும் இடம், அது உனக்கும் தெரியும், எங்கள் ஊரிலும் அப்படி நிறைய உண்டு என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, ஆனால் இந்தப் பெடியனை நீ நல்லாய்த்தான் சொன்னாய், ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய் என்றாள்.

என்னத்தை விட்டேன் என்று பேனாட் கேட்டார்.

கதை சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் உனக்குப் பின்னால் ஆற்றோரத்துத் தடுப்புக் கம்பியடியில் நின்றான் என்றாள். ஒரு காலில் மட்டும் செருப்பு, மற்றக் கால் வெறுங்கால். இந்தக் குளிருக்குள் அது பாவமாக இருந்தது என்று சொல்லிவிட்டு, நடிகனா என்று கேட்டாள். நடிகன் இல்லை என்று பேனாட் சொன்னதும் அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவருடைய புறங்கையை ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வாகனம் போன பிறகு பேசாலை முற்றத்தில் கிடந்தது ஒரு செருப்பு. மற்றது அவன் காலோடு போயிற்று. இந்தச் செருப்பை மிசேலின் கதையில் பேனாட் வைத்ததில்லை. செலீனுக்குக் கூடச் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வரும் என்பதற்காகச் சொல்லாமலே விட்ட ஒரு சங்கதி அது.

அன்றைக்கு எப்படி மெற்றோவில் ஏறி எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கிழமை முழுக்க ஆள் ஆளாக இல்லை. வேலையில்லாத நாளிலும் பத்து மணிக்கே வெளிக்கிட்டுத் துறைமுகத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வருகிற போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். சப்பாத்து, சப்பாத்து, பூட்ஸ். பயம் என்றால் ஆவிப் பயம் இல்லை. தம்பி ஆவியாய் வந்தால் வரட்டுமே, அவனைக் கண்டு தமையன் பயப்படுகிறதா? பயம் வேறு. முப்பத்தைந்து வருஷத்தில் மைக்கலைப் பற்றி வந்த முதல் தகவல் இது. அவன் ஆவியாய் நிற்பது உண்மையென்றால் அவன் செத்தது உண்மை. அந்தப் பெண் கண்டது பொய்யாக இருக்கவேண்டும் என்றும், ஒரு தரமாவது தானும் காணவேண்டும் என்றும் ஒரே மனம் இரண்டையும் கேட்டது. அந்த மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

நவம்பர் முதலாம் தேதி, சனி. அடுத்த நாள் ஞாயிறு, இறந்தவர்களுக்காகச் செபிக்கிற ஆத்துமாக்களின் திருநாள். அந்த வருஷத்துச் சுற்றுலாவும் அந்த ஞாயிறோடு முடிகிறது, இனி அடுத்த மே மாதம்தான். சாப்பாட்டு மேசையில் செலீன் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு, நல்ல செய்தி சொல்லுகிறவள் மாதிரிச் சொன்னாள். எங்கட கோயிலுக்கு வாற நிரஞ்சனியின் மகன் உங்கட சுற்றுலாவுக்கு வந்தவனாம், உங்கட கடைசி ஆவியைப் பற்றி அவன்தான் சொன்னவன், எனக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள் என்ன, நாளைக்கு அந்த மிசேல் பெடியனுக்கும் பெயர் குடுத்திட்டன், இனி வீட்டுக்கு நிம்மதி என்றாள்.

பேனாட் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து செலீனை ஒரு சொல் சுடச் சொல்லாத மனுஷன். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரன் நிலத்தில் தட்டினான். ஆரைக் கேட்டுக் குடுத்தனீர், ஆர் உமக்குச் சொன்னது அவன் செத்தவன் எண்டு என்று கத்தினார். செலீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆவிதானே, செத்தவன்தானே என்று திக்கினாள். அப்போதுதான் அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மிசேல் யார் என்பதை, துவாயை, அமெரிக்கப் பெண்ணை, செருப்பை.

செலீன் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். அவளும் மைக்கலோடு ஒரே பள்ளியில் படித்தவள்தான். பிறகு சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒரு தரம்தான் பெயர் குடுத்தன். அதுவும் தெரியாமல். இரண்டு வருஷமாய் அந்தக் கரையில நிண்டு அவன் செத்திட்டான் எண்டு ஊர் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு வாறது ஆர்?"

செலீன் எழும்பி, ஆறிப்போன குழம்பைத் திரும்பச் சூடாக்கினாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு முதலே பேனாட் போய்ப் பீடத்துக்குப் பின்னாலுள்ள சக்கிறிஸ்தி அறையில் நின்றார். ஃபாதர் சின்ன வயதுக்காரர், ஊதாத் திருவுடையைத் தலையால் மாட்டிக்கொண்டிருந்தார். பேனாட் ஒரு பெயரை எடுக்கவேண்டும் என்றார். எதை என்று ஃபாதர் கேட்க, மிசேல் என்றார். அது என்ர தம்பி மைக்கல், தெரியாமல் குடுத்தது, அவனுக்குச் செப்டெம்பரில்தான் வாசிக்கிறது என்றும் சொன்னார். ஃபாதருக்கு நினைவிருந்தது. வருஷா வருஷம் அவரும் வாசித்த பெயர்தானே. ஆள் கிடைச்சிட்டாரோ என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, பேனாட்டின் முகத்தைக் கண்டு அடங்கிப்போனார்.

"பேனாட் அண்ணை, எடுக்கச் சொன்னால் எடுக்கிறன். அதில ஒண்டுமில்லை. இருக்கிறவராய் வாசிக்கிறதோ, இறந்தவராய் வாசிக்கிறதோ, நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு அது தெரியாது."

எடுங்கோ என்று சொல்லத்தான் பேனாட் வந்தவர். தாய்க்குக் கொடுத்த சத்தியம் நாக்கு நுனியில் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சக்கிறிஸ்தியின் சின்ன யன்னலுக்கு வெளியே அவர் கண் போயிற்று. பனி கொட்டத் தொடங்கவில்லை, ஆனால் வானம் அதற்கு ஆயத்தமாகத்தான் கிடந்தது. இன்றைக்குச் சுற்றுலா முடிந்தால் மணிக்கூண்டுக் கரைக்கு இனிச் சனம் வராது. கம்பியில் பனி ஏறும். ஆறு உறையும். மே மாதம் வரைக்கும் அந்தப் பெடியனைப் பார்க்கவோ அவனைப் பற்றிக் கதைக்கவோ ஒரு சீவன் அங்கே போகாது. பேசாலை வெயிலில் வளர்ந்தவன், பதினேழு வயது, ஒரு கால் வெறுங்கால். மொன்றியல் பனிக்குள் அவனை விட்டுவிட்டுத் தான் வீட்டுக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு படுக்கிறதா? அம்மா இருந்தாலும் விடமாட்டாள். அவளுக்கு அவன் செத்ததை விட, அவன் குளிரில் நிற்பதுதான் பெரிதாகப் பட்டிருக்கும்.

"இளைப்பாறட்டும், ஃபாதர்," என்றார். "மிசேல் எண்டு வாசிக்காதேங்கோ. மைக்கல் எண்டு வாசியுங்கோ. பேசாலை எண்டும் சொல்லுங்கோ."

ஃபாதர் பெயர்களை வாசிக்க வாசிக்கச் சனம், நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டு வந்தது. பேசாலை மைக்கல் என்றதும் பழைய ஆட்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கணம் எல்லோருக்கும் முதல் செலீனின் குரல் மட்டும் கேட்டது, பிறகு கோயில் முழுக்கச் சேர்ந்துகொண்டது. பேனாட்டின் வாய் திறக்கவில்லை. ஆயிரம் பேரை அழவைத்த குரல், ஒரு வரி சொல்ல வரவில்லை. செலீன் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னேரம் ஆறு மணிக்குக் கடைசிச் சுற்றுலா. அன்றைக்குத்தான் குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள், ஆறு மணிக்கே கும்மிருட்டு. வேலைக்குப் போகவேண்டாம் என்று செலீன் சொல்லிப் பார்த்தாள். பேனாட் போனார். பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். படியைக் காட்டினார், சந்தைக் காட்டினார், தூக்குமரம் நின்ற இடத்தைக் காட்டினார். எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியாக ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கம்பியடிக்கு வந்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே ஒருவரும் இல்லை. முன்பும் அவர் கண்ணுக்கு ஒன்றும் பட்டதில்லை, ஆனால் இரண்டு வருஷமாய் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் முதுகுப்புறத்தில் யாரோ நிற்கிற ஒரு நினைப்பு இருந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது அது இல்லை. தண்ணீர் கரையில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் பனியில் நிற்கவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் இத்தனை வருஷமும், ஏதோ ஒரு சிறையில், ஏதோ ஒரு காட்டில், ஏதோ ஒரு கரையில் அவன் இருந்துகொண்டிருந்தான். இன்றைக்கு அவன் எங்கேயும் இல்லை.

சனம் வட்டமாய் நின்று காத்துக்கொண்டிருந்தது. அவர் கப்பலைப் பற்றியும் புகாரைப் பற்றியும் சொல்லவில்லை. லாந்தரை நிலத்தில் வைத்துவிட்டு, இழுவை இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார். இங்கே மிசேல் என்று ஒருவனும் இல்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தான், மைக்கல். பதினேழு வயது. அவன் செத்துப்போனான்.

அந்தச் சொல்லை அவர் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம், அதுவும் பிரெஞ்சில். சனம் இன்னும் நெருங்கி வந்தது. நல்ல கதையொன்று தொடங்குகிறது என்றுதான் நினைத்தார்கள். முன்னால் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண், மார்கெரித்துக்கும் அக்னேசுக்கும் எத்தியேனுக்கும் கேட்டது போலவே கேட்டாள், எப்படிச் செத்தவர் என்று.

பேனாட் அவளுக்கு மறுமொழி சொல்ல வாயைத் திறந்தார். இந்த நகரத்தில் முன்னூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களெல்லாம் எப்படிச் செத்தார்கள், எந்த நேரம், எந்தக் கை கழுத்தில் பட்டது, கடைசியாக என்ன சொன்னார்கள், அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"தெரியாது, பிள்ளை," என்றார். அது தமிழில்தான் வந்தது.

அவர்கள் மிச்சக் கதையைக் கேட்கக் காத்துக்கொண்டு நின்றார்கள்.